வாழ்வு நிறைவு ஆய்வுகளும் சாதியும்: நல்வாழ்வுக் கொள்கையில் யாருடைய விடை கணக்கில் வருகிறது?

ஒரு நாட்டு மக்கள் நன்றாக வாழ்கிறார்களா என்பதை மொத்த உள்நாட்டு உற்பத்தி சொல்லிவிடாது என்பதைப் பொருளியல் அறிஞர்களே இன்று ஒப்புக்கொள்கின்றனர். எனவே மக்களிடமே சென்று, அவர்கள் தம் வாழ்வை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அவ்விடைகளை வரவு செலவுத் திட்டத்துக்கும் நலத்திட்டங்களுக்கும் அடிப்படையாக்கும் முயற்சி கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. பூட்டான், பிரிட்டன், நியூசிலாந்து ஆகியவை இதில் முன்னோடிகளாகப் பேசப்படுகின்றன. இந்தியாவிலும் மத்தியப் பிரதேச அரசு இதற்கெனத் தனித் துறையே தொடங்கியது.

சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கு இந்த ஆய்வுமுறை பயன்படக்கூடியது. அதே அளவுக்கு ஆபத்தானதும் ஆகும். வருமானக் கணக்கில் ஒருபோதும் பதிவாகாத இழிவையும் அவமதிப்பையும் அது எண்ணாக்கிக் காட்டும். மறுபுறம், ஏழைகள் உள்ளதைக் கொண்டு நிறைவாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கடமையைத் தட்டிக்கழிக்க விரும்பும் ஆட்சியாளருக்கும் அதே எண் கைகொடுக்கும். கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, விடை எவ்வாறு பிரித்துப் பார்க்கப்படுகிறது, உரிமைக்கும் அந்த எண்ணுக்கும் என்ன உறவு வைக்கப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தே இவ்விரண்டில் எது நிகழும் என்பது அமையும். அந்த மூன்று கேள்விகளையும் முன்வைத்து, இத்துறையில் இதுவரை அறியப்பட்டவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஏணிக் கேள்வி

அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் வகுத்த ஒரு கேள்வியே இன்று உலகெங்கும் புழங்குகிறது. ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வார்கள். அதன் உச்சிப்படி, விடையளிப்பவர் தமக்குக் கிடைக்கக்கூடியதாக எண்ணும் மிகச் சிறந்த வாழ்வு. அடிப்படி, மிக மோசமான வாழ்வு. பூச்சியம் முதல் 10 வரையுள்ள படிகளில் தாம் இப்போது எந்தப் படியில் நிற்பதாகக் கருதுகிறார் என்பதை அவர் சொல்ல வேண்டும். கேன்ட்ரில் 1965இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில் இந்தியாவும் இடம்பெற்றது. அன்றைய இந்தியச் சராசரி 3.7.

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை, கேலப் நிறுவனம் நாடுதோறும் கேட்கும் இதே கேள்வியின் மூன்றாண்டுச் சராசரியைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2018 முதல் பின்லாந்து முதலிடத்தில் உள்ளது. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் 147 நாடுகளுள் இந்தியா 118ஆம் இடத்தைப் பெற்றது. பெயரில் ‘மகிழ்ச்சி’ இருந்தாலும் அந்த அறிக்கையின் தரவரிசை சிரிப்பையோ உற்சாகத்தையோ அளப்பதில்லை. தம் வாழ்வைப் பற்றிய ஒருவரின் தீர்ப்பையே அளக்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துவது அவசியம். வளர்ச்சி பெற்ற நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மூன்று வகை விடைகளைப் பிரித்துக் காட்டுகின்றன: வாழ்வை ஒட்டுமொத்தமாக மதிப்பிடுவது, நேற்று உணர்ந்த மகிழ்ச்சி, கவலை போன்ற உணர்ச்சிகள், செய்யும் செயல்களில் பொருள் இருப்பதாக உணர்வது. ஒரு தூய்மைப் பணியாளர் நேற்று தம் தோழர்களோடு வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். அதே நாளில், தம் வாழ்வை ஏணியின் மூன்றாம் படியில் வைக்கலாம். முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது பொய்யான சித்திரத்தையே தரும்.

இவ்வாய்வுகள் தந்த முடிவுகளில் இரண்டு கொள்கைக்கு மிக முக்கியமானவை. முதலாவது, பொருளியலாளர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974இல் எழுப்பிய வினா. ஒரே நாட்டுக்குள் பணம் உள்ளோர் இல்லாதோரைவிட நிறைவாக இருக்கின்றனர். ஆயினும் நாட்டின் வருமானம் பெருகப் பெருக மக்களின் சராசரி நிறைவு அதற்கேற்ப உயர்வதில்லை. மனிதர்கள் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். இது குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டாவது, ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் ஆகியோர் 1994இல் பிரிட்டன் தரவுகளைக் கொண்டு காட்டியது: வேலையின்மை உண்டாக்கும் மனத்துயரம், இழந்த கூலியின் அளவைத் தாண்டியது. வேலை கூலியை மட்டும் தருவதில்லை, மதிப்பையும் தருகிறது. மதிப்பு என்ற ஒன்று தனியே இருக்கிறது, அதைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்பதைப் பொருளியல் தன் சொந்தக் கருவிகளால் கண்டுகொண்ட இடம் இது.

எண் எவ்வாறு கொள்கையாகிறது?

பிரான்சு அதிபர் சர்க்கோசி 2008இல் அமைத்த ஆணையத்தில் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், அமர்த்தியா சென், ழான் பால் ஃபித்தூசி ஆகியோர் தலைமைப் பொறுப்பு வகித்தனர். அரசுகளின் புள்ளியியல் துறைகள் மக்களின் அகநிலை மதிப்பீடுகளையும் திரட்ட வேண்டும் என்று அவ்வாணையம் 2009இல் பரிந்துரைத்தது. பூட்டானின் முன்முயற்சியால் 2011 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் மகிழ்ச்சியை வளர்ச்சிக் கொள்கையின் பகுதியாகக் கருதும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

பிரிட்டனில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 ஏப்ரல் முதல் நான்கு கேள்விகளைத் தன் பெரிய குடும்ப ஆய்வில் சேர்த்தது. வாழ்வில் நிறைவு, செய்பவை பயனுள்ளவை என்ற உணர்வு, நேற்றைய மகிழ்ச்சி, நேற்றைய பதற்றம் ஆகியவை அவை. பத்தாண்டுகளுக்குப் பின், 2021இல், அந்நாட்டு நிதித்துறை ஒரு படி மேலே சென்றது. ஒருவரின் வாழ்வு நிறைவு பத்துப் புள்ளி அளவில் ஒரு புள்ளி உயர்ந்து ஓராண்டு நீடித்தால் அதை ‘வெல்பி’ என்னும் ஓர் அலகாகக் கொள்ளலாம் என்றும், 2019 விலையில் அதன் மதிப்பை 13,000 பவுண்டு எனக் கணக்கிடலாம் என்றும் வழிகாட்டியது. ஒரு திட்டத்துக்கு ஆகும் செலவையும் அது தரும் நிறைவையும் ஒரே தராசில் வைக்கும் முயற்சி இது.

நியூசிலாந்து 2019 மே மாதத்தில் ‘நல்வாழ்வு வரவு செலவுத் திட்டம்’ என்ற பெயரிலேயே நிதியறிக்கை வெளியிட்டது. அதன் ஐந்து முன்னுரிமைகளுள் மனநலமும் குழந்தை நலமும் இடம்பெற்றன. மவோரி, பசிபிக் தீவு மக்களின் முன்னேற்றம் தனி முன்னுரிமையாக வைக்கப்பட்டது. மனநலத்துக்கு ஏறத்தாழ 190 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கப்பட்டது. நல்வாழ்வு குறித்த அறிக்கையை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கருவூலத்துறை வெளியிட வேண்டும் என்று 2020இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஒதுக்கப்பட்ட மக்களின் இடைவெளியைச் சராசரிக்குள் கரைக்காமல் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது இத்திட்டத்தில் நாம் கவனிக்கத்தக்க கூறு.

பூட்டானின் நிலை இதற்கு மறுபக்கம். ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ என்ற கருத்தை உலகுக்குத் தந்த நாடு அது. ஒன்பது களங்கள், 33 குறியீடுகள் என விரிவான அளவீட்டு முறையும் அங்கு உண்டு. வாழ்வு நிறைவு அதில் ஒரு சிறு பகுதியே. நுட்பத்தில் இதற்கு நிகரான முறைகள் குறைவு. ஆனால், 1985ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த கணக்கெடுப்பும் நேபாளி பேசும் லோட்சம்பா மக்களைக் குறிவைத்தன. 1990களில் அவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு நேபாளத்தின் அகதி முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். வெளியேற்றப்பட்டோரிடம் எந்த மகிழ்ச்சிக் கேள்வியும் கேட்கப்படவில்லை. அவர்களின் துயரம் நாட்டின் குறியீட்டை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. ஊருக்குள் இருப்போரை மட்டும் எண்ணி ஊர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் சேரி மக்களுக்குப் புதிதன்று.

சாதி குறித்துக் கிடைத்துள்ள சான்றுகள்

இந்தியாவில் வாழ்வு நிறைவைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் சிலவே. எனினும் அவை ஒரே திசையைக் காட்டுகின்றன.

பொருளியலாளர் டீன் ஸ்பியர்ஸ் வட இந்தியக் கிராமங்களில் ஏணிக் கேள்வியைப் பயன்படுத்தித் திரட்டிய தரவுகளை 2016இல் வெளியிட்டார். சாதிப் படிநிலையில் தாழ்த்தப்பட்டோர் தம் வாழ்வைச் சராசரியாகக் குறைந்த படியிலேயே வைத்தனர். பொருளாதார நிலையில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த இடைவெளி முழுமையாக மறையவில்லை.

ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு மனநலத்தைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2007-08இல் அசாம், கர்நாடகம், மகாராட்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய ஆறு மாநிலங்களில் நடத்திய ஆய்வின் தரவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சோர்வும் கவலையும் தம்மை எவ்வளவு வாட்டுகின்றன என்று மக்களே சொன்ன விடைகளின்படி, ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் மனநிலையும் முஸ்லிம்களின் மனநிலையும் மோசமாக இருந்தன. சொத்து, செலவு, கல்வி ஆகியவற்றில் ஒத்த நிலையில் உள்ளோரை ஒப்பிட்டபோதும் இடைவெளி எஞ்சியது.

எஞ்சிய அந்த இடைவெளிக்கு என்ன பெயர்? அதே அளவு படித்து, அதே அளவு பொருள் சேர்த்த பின்னும் ஒருவரை வாட்டுவது எது? இதற்கான விடையின் ஒரு பகுதியை வேறொரு ஆய்வு தருகிறது. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் இணைந்து 2011-12இல் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டது. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று மேலும் கேட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் தாமே தீண்டாமையை ஒப்புக்கொண்டன. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து அறுபது ஆண்டுகள் கடந்த பின் கிடைத்த விடை இது. தாமே முன்வந்து ஒப்புக்கொண்டோரின் கணக்கு இவ்வளவு என்றால், மறைத்தோரையும் சேர்த்தால் எவ்வளவு என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். ஒவ்வொரு சாதிக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருக்கும்படி அமைந்த சமூகத்தில், ஒப்பீடு என்பது தனிமனிதரின் மனப்பழக்கம் மட்டும் ஆகாது. அது சமூகமே அன்றாடம் நடத்தும் சடங்கு. ஈஸ்டர்லின் கண்ட ஒப்பீடு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் பற்றியதாக இருக்கலாம். இங்கு அது தேநீர்க் குவளையையும் கோயில் வாசலையும் சுடுகாட்டுப் பாதையையும் பற்றியது.

விடுதலை நிறைவைத் தருமா?

இழிவு நீங்கினால் மக்களின் வாழ்வு மதிப்பீடு மாறுமா என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு சான்று. அங்கு வேலரி மோலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983 முதல் இன வாரியாக மக்களின் வாழ்வு நிறைவைத் தொடர்ந்து அளந்துவந்தனர். நிறவெறி ஆட்சியின்போது வெள்ளையருக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. 1994 ஏப்ரலில் எல்லாருக்குமான முதல் தேர்தல் நடந்தது. அடுத்த மாதமே நடத்திய ஆய்வில் இரு தரப்பாரின் நிறைவும் ஏறத்தாழச் சமமாகி, முன்னெப்போதும் இல்லாத உயரத்தை எட்டியது. அந்த ஒரு மாதத்தில் யாருக்கும் வீடோ வேலையோ கிடைத்துவிடவில்லை. கிடைத்தது வாக்குரிமை, அதாவது மனிதராக எண்ணப்பட்ட மதிப்பு. ஆனால் அடுத்த ஆண்டே நிறைவு பழைய நிலைக்குத் திரும்பியது. வீடும் வேலையும் நிலமும் தொடர்ந்து வராததால் மக்கள் தம் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டனர்.

அமெரிக்காவிலிருந்து வந்த சான்றும் இதனோடு பொருந்துகிறது. 1970களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களின் மகிழ்ச்சி வெள்ளையரைவிட மிகக் குறைவாக இருந்தது. பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வொல்ஃபர்ஸ் ஆகியோரின் ஆய்வுப்படி, அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்த இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. வருமானம், வேலை, கல்வி ஆகியவற்றின் இடைவெளிகள் பெரிதாகக் குறையாத காலம் அது. எஞ்சிய இடைவெளியின் பெரும்பகுதியைப் புறவாழ்வின் ஏற்றத்தாழ்வு விளக்குகிறது என்றும், அதைக் குறைக்காமல் மேலும் முன்னேற முடியாது என்றும் அவர்கள் எழுதினர்.

இவ்விரு நாடுகளும் சொல்வது ஒன்றே. மதிப்பு தானாகவே ஒரு நலன். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆயினும் பொருள் வாழ்வு மாறாவிட்டால் அந்த நலன் நிலைப்பதில்லை. சுயமரியாதையா, நிலமா என்று நம் இயக்கங்களுக்குள் அவ்வப்போது எழும் வாதத்துக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது.

பழகிப்போன துயரம்

இனி, இவ்வாய்வுகளின் மிகப் பெரிய பலவீனத்துக்கு வருவோம். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கொல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொதுநல நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தம் உடல்நலம் மோசம் அல்லது சுமார் என்றனர். கணவரை இழந்த பெண்களில் அவ்வாறு சொன்னோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அக்காலக் கைம்பெண்களின் உடல்நிலை ஆண்களைவிடச் சிறந்திருந்தது என்று எவரும் நம்ப மாட்டார். தம் உடல்நலம் குறைப்பட்டுக்கொள்ளத் தகுந்த ஒன்று என்ற எண்ணமே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டி, அகநிலை விடைகளை மட்டும் நம்பும் கொள்கை ஒடுக்கப்பட்டோருக்கே அநீதி இழைக்கும் என்று வாதிட்டார். பின்னாளில் கேரளத்தையும் பிகாரையும் ஒப்பிட்டு இன்னொன்றையும் காட்டினார். ஆயுட்காலம் அதிகமுள்ள கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்வோர் மிகுதி. மருத்துவ வசதி குன்றிய பிகாரில் குறைவு. கல்வியும் மருத்துவமும் கிடைத்த மக்களே தம் நோயை நோய் என்று அறிகிறார்கள்.

இங்கு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்டோர் எப்போதும் பொய்யான நிறைவில் மூழ்கிக் கிடப்பதாகக் கருதுவதும் தவறு. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனர், எட் டீனர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் கொல்கத்தாவின் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதைவாசிகள் என 83 பேரிடம் பேசினர். ஒட்டுமொத்த வாழ்வைப் பற்றிய அவர்களின் மதிப்பீடு சற்றே எதிர்மறையாக இருந்தது. குடும்பம், நட்பு, தம் ஒழுக்கம் போன்ற தனிக்கூறுகளில் நிறைவு தெரிவித்தனர். தம் உறவுகளை நேசித்துக்கொண்டே தம் நிலையை மறுக்கும் தெளிவு அவர்களிடம் இருந்தது. ஸ்பியர்ஸ் கண்ட தாழ்ந்த மதிப்பெண்களும் இதையே காட்டுகின்றன: பழகிப்போதல் துயரத்தைக் குறைத்துக் காட்டும், முற்றிலும் அழித்துவிடாது. ஆகவே அளவிடப்பட்ட இடைவெளியை உண்மையான இடைவெளியின் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்வதே முறை.

இதிலிருந்து ஒரு முக்கியமான எச்சரிக்கையும் கிடைக்கிறது. கல்வி பெற்று, சட்டம் அறிந்து, அமைப்பாகத் திரண்ட மக்களின் நிறைவு முதலில் குறையவும் கூடும். முன்பு விதி என்று ஏற்றதை இப்போது அநீதி என்று அறிகிறார்கள். குறியீட்டில் அது சரிவாகப் பதியும். வரலாற்றில் அது எழுச்சியாகப் பதியும். நிறைவு குறைந்தது என்பதற்காக ஒரு விழிப்புணர்வுத் திட்டத்தைத் தோல்வி என்று எழுதிவிட முடியாது.

கூட்டிப் பார்ப்பதன் அரசியல்

எல்லாருடைய நிறைவையும் கூட்டி, கூட்டுத்தொகை உயர்ந்தால் கொள்கை நல்லது என்று கொள்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பொதுக்குளத்தைத் தலித்துகளுக்குத் திறந்துவிட்டால் ஆதிக்கச் சாதியாரின் நிறைவு குறையலாம். அவர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தால், கூட்டல் கணக்கு குளத்தைப் பூட்டச் சொல்லும். 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் நீர் அருந்தியபோது, அவ்வூர்ச் சாதி இந்துக்களிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பயன்வழிக் கோட்பாட்டை ஆதரித்த பொருளியலாளர் ஜான் ஹர்சானியே இந்த இடத்தில் ஒரு வரம்பு கட்டினார். பிறர் துன்பத்தில் இன்பம் காணும் விருப்பங்கள், பொறாமை, வன்மம் போன்றவற்றைச் சமூக நலக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார் அவர். பிரிட்டனின் வெல்பி போன்ற அலகுகளை இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. உரிமை எல்லையைக் குறிக்கும். அந்த எல்லைக்குள் நிற்கும் திட்டங்களில் எதற்கு முன்னுரிமை என்பதை முடிவுசெய்ய மட்டுமே நிறைவு ஆய்வு உதவலாம்.

அரசுகள் தேர்ந்துகொண்ட எளிய வழி

மத்தியப் பிரதேச அரசு 2016இல் ஆனந்தத் துறையையும் அதன் கீழ் ராஜ்ய ஆனந்த் சன்ஸ்தான் என்னும் நிறுவனத்தையும் தொடங்கியது. தன்னார்வலர்களைத் திரட்டுதல், விளையாட்டு விழாக்கள், உள்நோக்கிச் சிந்திக்கும் பயிற்சிகள், வேண்டாத பொருள்களை வைத்துச்செல்லும் இடங்கள் ஆகியன அதன் பணிகளாயின. தில்லி அரசு 2018இல் தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றால் சிலருக்கு நன்மை விளைந்திருக்கலாம். ஆயினும் இவற்றின் பொதுவான அடித்தளம், துயரத்தின் இருப்பிடம் தனிமனிதரின் மனம் என்பதாகும். மனம் பயிற்சி பெற்றால் துயரம் தீரும் என்றால், வகுப்பறையில் சாதிப் பெயர் சொல்லி அழைக்கப்படும் மாணவரும் மூச்சுப்பயிற்சி செய்து தேற வேண்டியதுதான்.

கேட்டறிதல் வேறு வகையில் பயன்பட்ட நிகழ்வும் இங்கு உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு குறித்து ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடமே நேரில் கேட்டது. விடுதிகளில் நிலவிய பிரிவினை, துன்புறுத்தல், ஆசிரியர்களின் புறக்கணிப்பு ஆகியவற்றை 2007இல் வந்த அதன் அறிக்கை பதிவு செய்தது. உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிமுறை வெளியிட்டது. அது எவ்வளவு நடைமுறையானது என்பது வேறு கேள்வி. ஆனால் அந்த ஆய்வு மாணவர்களின் மனத்தைத் திருத்தக் கிளம்பவில்லை. அவர்களைத் துன்புறுத்திய நிறுவனத்தைப் பார்த்துக் கேள்வி எழுப்பியது.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

முதலாவது, சாதிவாரியாகப் பிரிக்கப்படாத எந்த மகிழ்ச்சிக் குறியீட்டையும் ஏற்கக் கூடாது. மாநிலச் சராசரி உயர்ந்தது என்ற செய்தி சேரியின் நிலையைச் சொல்லாது. பட்டியல் சாதியினர் என்ற ஒரே தலைப்பும் போதாது. அருந்ததியர் போன்ற உட்பிரிவுகள், பெண்கள், தலித் கிறித்தவர்கள், தலித் முஸ்லிம்கள் ஆகியோரின் விடைகள் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். 2025 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புடன் சாதிவாரிக் கணக்கும் எடுக்க ஒன்றிய அரசு முடிவெடுத்தது. அந்தக் கணக்கு வந்தால், மாதிரி ஆய்வுகளில் சிறு சாதிகளுக்கும் உரிய இடம் ஒதுக்கும் வழி பிறக்கும்.

இரண்டாவது, நிறைவுக் கேள்வியோடு அவமதிப்பு பற்றிய கேள்வியும் சேர்க்கப்பட வேண்டும். கடந்த ஆண்டில் சாதியால் இழிவுபடுத்தப்பட்டீர்களா, எங்கே, புகார் அளித்தீர்களா, பிறகு என்ன நடந்தது என்பவை அவ்வளவு கடினமான கேள்விகள் அல்ல. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேரிடம் 2017-18இல் நடத்தப்பட்ட முதுமை குறித்த தேசிய ஆய்வான லாசி, வாழ்வு நிறைவையும் அன்றாடப் பாகுபாட்டையும் ஒரே ஆய்வில் கேட்டது. முதியோரிடம் செய்ய முடிந்ததை எல்லா வயதினரிடமும் செய்யலாம். இத்தரவுகள் ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடியவை. பல்கலைக்கழகங்களில் உள்ள நம் மாணவர்கள் இவற்றை எடுத்து ஆராய வேண்டும்.

மூன்றாவது, திட்டங்களை மதிப்பிடும் முறை மாற வேண்டும். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையை ஒழிக்க 2013இல் சட்டம் வந்தது. மறுவாழ்வுக்கு ஒருமுறை வழங்கும் 40,000 ரூபாய் எத்தனை பேருக்குத் தரப்பட்டது என்பதே அரசின் வெற்றிக் கணக்காக இருக்கிறது. பணம் பெற்றவர் வேறு தொழிலில் நிலைத்தாரா, ஊர் அவரை இன்றும் பழைய பெயராலேயே அழைக்கிறதா, தம் பிள்ளைகளின் வாழ்வு எந்தப் படியில் இருக்கும் என்று அவர் நம்புகிறார் என்பவையும் கேட்கப்பட வேண்டும். பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதிக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு அரசு 2024இல் அதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளது. ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை ஆகியவற்றோடு பயனாளிகளின் சொந்த மதிப்பீடும் ஆண்டுதோறும் வெளிவருமானால், நிதியை வேறு துறைகளுக்குத் திருப்புவது அவ்வளவு எளிதாகாது.

நான்காவது, கேட்கும் முறையில் கவனம் வேண்டும். முன்னால் கேட்கும் கேள்வியே பின்வரும் விடையை மாற்றும். அரசியல் பற்றிய கேள்விகளை முதலில் கேட்டால் அமெரிக்கர்களின் ஏணி மதிப்பெண் கணிசமாகச் சரிவதை ஆங்கஸ் டீட்டன் காட்டினார். இந்தியக் கிராமத்தில் அதைவிடப் பெரிய காரணிகள் உள்ளன. கேட்பவர் எந்தச் சாதி, எங்கே நின்று கேட்கிறார், பண்ணையார் பக்கத்தில் நிற்கிறாரா, மருமகளின் விடையை மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பவை விடையைத் தீர்மானிக்கும். தலித் பெண்களிடம் தலித் பெண்களே, தனிமையில், அவர்களின் பேச்சுவழக்கில் கேட்க வேண்டும். சிற்றூர்களிலும் கல்லூரிகளிலும் இத்தகைய ஆய்வு நடத்த விரும்பும் தோழர்களுக்கும் இவ்விதி பொருந்தும். பெயரைக் கேட்கக் கூடாது. முடிவுகளை முதலில் அந்த மக்களிடமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, எந்த எண்ணும் உரிமைக்கு மாற்றாகாது. தீண்டாமை ஒழிப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இடஒதுக்கீடும் யாருடைய மதிப்பெண்ணையும் சார்ந்து நிற்பவை அல்ல. ஒருவர் தம் வாழ்வில் நிறைவாக இருப்பதாகச் சொன்னாலும் அவருடைய நிலத்தைப் பறித்தது குற்றமே. அவருக்குத் தனிக்குவளையில் தேநீர் தந்தது குற்றமே.

இவ்வளவு நிபந்தனைகளோடு இந்த ஆய்வுமுறை தேவைதானா என்று கேட்கத் தோன்றும். தேவைதான். வறுமை ஒழிந்தால் சாதியும் தானே ஒழியும் என்று இடதுசாரிகளில் சிலரும் சந்தைவாதிகளும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். ஒத்த வருமானமும் ஒத்த கல்வியும் பெற்ற பின்னும் எஞ்சி நிற்கும் அந்த இடைவெளி, அவர்கள் மொழியிலேயே, அவர்கள் நம்பும் புள்ளியியல் முறையிலேயே அதை மறுக்கிறது. அதை அளக்க மறுக்கும் அரசு, அதைக் குறைக்கும் பொறுப்பையும் மறுக்கிறது. ஆகவே அளக்கச் சொல்லி வற்புறுத்துவதும், அளந்ததைத் திரித்துச் சொல்லவிடாமல் காவல் காப்பதும் இரண்டுமே நம் வேலை.